ஏழாவது கேள்வி வராது

சுகாதாரத் துறையில் அவனுக்கு மெத்தை என்று பெயர். ஆள் தடித்தவன் இல்லை. நாற்பதைத் தாண்டிய, வத்தலும் தொத்தலுமான உடம்புதான். எவ்வளவு உயரத்திலிருந்து எப்பேர்ப்பட்ட கேள்வியைப் போட்டாலும் சத்தமே வராமல் விழ வைப்பான் என்று முன்னாள் செயலாளர் ஒருவர் மெச்சி வைத்த பெயர் அது. அவருக்குப் பின்னால் வந்த செயலாளர்களும் பெயரை மாற்றவில்லை, ஆளையும் மாற்றவில்லை.

சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அமைச்சர் பதில் சொல்வார். மக்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும், யாருக்கு நஷ்டம். பதிலை எழுதுகிறவன் மெத்தை. ஆளுங்கட்சிக்காரர் கேட்கிற கேள்வி என்றால் சிரமம் வேண்டாமென்று கேள்வியையும் அவனே எழுதிக் கொடுத்துவிடுவான். மருந்து இருக்கிறதா என்று கேட்டால், மருந்துக் கொள்முதல் தொடர் நடவடிக்கையாகும் என்று எழுதுவான். மருத்துவர் இருக்கிறாரா என்றால், மருத்துவர் பணியிடம் உள்ளது என்பான். பணியிடம் இருக்கும். அதில் ஆள் இருக்காது. ஆளைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. ஆறு வருடமாக அமைச்சர் அவன் எழுதியதை வரி பிசகாமல் வாசித்திருக்கிறார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஏற்ற இறக்கத்தோடு, முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தி, மேசை தட்ட நேரம் கொடுத்து வாசிப்பார். கட்சிக்காரர்களும் அர்த்தம் பார்த்துத் தட்டுகிறவர்கள் இல்லை. நிறுத்தினால் தட்டுவார்கள்.

கூட்டத்தொடரின் கடைசி நாளுக்கான கேள்விகள் வந்து சேர்ந்தபோது, ஏழாவதை மெத்தை இரண்டு தடவை படித்தான். மலைமேல் இருக்கிற ஒரு சின்ன ஊரின் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு மூடப்படுகிறதா என்று கேட்டிருந்தது. அது மெத்தையின் சொந்த ஊர். அந்த வார்டில்தான் அவன் தங்கைக்கு முதல் பிரசவம். ரத்தம் நிற்காமல் போய், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வார்டு இருந்ததால் பிழைத்து எழுந்தவள். இப்போது இரண்டாவது, நிறைமாதம் நெருங்குகிறது. அந்த வார்டை விட்டால் அடுத்தது மலைச்சாலை இறங்கி, ஆறு தாண்டி, மாவட்டத் தலைநகரத்தில். ரத்தம் அவ்வளவு நேரம் காத்திருக்காது.

வார்டு மூடப்படுவது உண்மை. அமைச்சர் தன் தொகுதியில் நாடா வெட்டித் திறந்த புது மருத்துவமனையில் கண்ணாடிக் கதவு இருந்தது, தானாகத் திறந்து மூடியது, மருத்துவர்தான் இல்லை. மலை ஊரின் இரண்டு மகப்பேறு மருத்துவர்களையும் அங்கே அள்ளிக்கொண்டு போவதாக முடிவு. உத்தரவு தயாராகக் கிடந்தது. கூட்டத்தொடர் முடிந்த கையோடு வெளியாகும், ஒன்றாம் தேதி வார்டுக்குப் பூட்டு. அந்த உத்தரவில் மூடல் என்ற வார்த்தையே கிடையாது. சேவை ஒருங்கிணைப்பு என்றிருந்தது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனும் மெத்தைதான். அதற்காகச் செயலாளர் மேடம் அவனைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். துணைச் செயலாளர் பதவிக்கு அவன் பெயர் போயிருக்கிறது என்பதையும் ஜாடையாகச் சொன்னார்கள்.

கேள்வி கேட்டிருந்தவர் ஒரு சுயேச்சை அம்மாள். அந்த ஊர்ப் பக்கத்தில் தாதியாக இருந்து, பணியை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று, தான் பிரசவம் பார்த்த பிள்ளைகள் வாக்காளர்களாக வளர்ந்திருந்த ஒரே காரணத்தால் ஜெயித்து வந்தவர். அவையில் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் தனியாக உட்காருவார். எந்தக் கட்சியும் இல்லாததால் தேநீர் இடைவேளையில்கூடப் பேச்சுத்துணை கிடையாது. ஒத்தை என்று மற்ற உறுப்பினர்கள் அவரைச் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். மெத்தை கைப்பேசியோடு மாடிப்படி வளைவுக்குப் போனான். துறையில் யார் சொந்த விஷயம் பேசினாலும் அங்கேதான் பேசுவார்கள்; சுவர் முழுக்கச் சொந்த விஷயம் கேட்டுக் கறுத்துப்போயிருந்தது. வார்டை இழுத்து மூடப் போகிறார்களாம், தாதிகள் பேசிக்கொள்கிறார்கள், நிஜமா என்று அவள் கேட்டாள்.

"அப்படி ஒரு தகவல் இதுவரைக்கும் என் கவனத்துக்கு வரலம்மா" என்றான் மெத்தை.



"அண்ணே, நான் உன் தங்கச்சி. எதிர்க்கட்சி இல்ல. மூடுறாங்களா, இல்லையா?"

அவன், பேசாமல் இங்கே தன் வீட்டுக்கு வந்துவிடு, அண்ணி பார்த்துக்கொள்வாள் என்றான். அவள் அதற்குச் சிரித்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரை எந்தப் பையில் போட்டு எடுத்து வருவது, லாரியோடு போன புருஷன் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது, பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அமைச்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாயே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லக் கூடாதா என்றாள். பக்கத்தில் இல்லை, பின்னால், அதிகாரிகள் மாடத்தில் என்று மெத்தை திருத்தினான். அவள் வைத்துவிட்டாள்.

பிறகு அவன் மேசைக்குத் திரும்பிப் போய், ஏழாவது கேள்வியை எப்படிச் சாகடிப்பது என்று உட்கார்ந்து யோசித்தான். மனசு கேட்கவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். அது பாட்டுக்குக் கேட்டது. கை அது பாட்டுக்கு வேலை பார்த்தது.

கேள்வியைச் சாகடிப்பது பெரிய வித்தை இல்லை. கேள்வி நேரம் என்பது ஒரு மணி நேரம். வரிசைப்படி எடுப்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டவரும் மற்றவர்களும் துணைக் கேள்வி கேட்கலாம். மணி அடித்துவிட்டால் மீதிக் கேள்விகள் அத்தோடு காலாவதி. பதிலும் வேண்டாம், பழியும் வேண்டாம். அடுத்த கூட்டத்தொடரில் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே முதல் ஆறு கேள்விகளையும் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் கேள்வி ஆளுங்கட்சியின் மேசைத்தட்டியாருடையது. தட்டித் தட்டியே உள்ளங்கை காய்த்துப்போய், அதையே தகுதியாகக் காட்டி வாரியத் தலைவர் பதவி கேட்டுக்கொண்டிருந்த மனிதர். மற்ற ஐந்தும் எதிர்க்கட்சியுடையவை. அவற்றின்மேல் ஆளுங்கட்சிக்காரர்கள் கேட்பதற்கென்று மெத்தை துணைக் கேள்விகள் தயாரித்தான். ஒருவர் கொசு ஒழிப்பின் வரலாற்றைக் கேட்பார். ஒருவர் அமைச்சரின் உழைப்பின் ரகசியத்தைக் கேட்பார். கொசுவுக்கான பதில் மட்டும் ஒன்பது பக்கம் வந்தது.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அமைச்சர் அறையில் ஒத்திகை நடந்தது. அமைச்சர் காலைச் சோபாவின்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கோப்பைப் புரட்டினார். கொசுவைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஏழு என்று ஒட்டிய அட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லாததைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"ஏழாவது வராதுங்கய்யா" என்றான் மெத்தை.

வராத கேள்விக்குப் பதில் எழுதுவது துறையில் வழக்கமில்லை. எழுதினால் யாராவது படித்துத் தொலைப்பார்கள். அமைச்சருக்கும் அது தெரியும். செயலாளர் மேடம் மட்டும், வந்துவிட்டால் என்று ஒரு தடவை கேட்டார்கள். எதிர்க்கட்சியே எழுந்து நின்று கொசுவை நிறுத்தச் சொன்னாலும் கொசு நிற்காது மேடம் என்று மெத்தை சொல்ல, அமைச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல ஆள், கைவசம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

காலையில் அவை நிறைந்திருந்தது. அதிகாரிகள் மாடம் அமைச்சர்களின் இருக்கைகளுக்குப் பின்னால், முழங்கால் உயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். பெஞ்சு பள்ளிக்கூடப் பெஞ்சை விட மோசம். அங்கே உட்கார்ந்தால் அமைச்சரின் பிடரியும் சபாநாயகரின் மூக்கும் தெரியும். அமைச்சர் திணறினால் கையைப் பின்னால் நீட்டுவார். இவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். வெள்ளைச் சீருடைச் சேவகர் ஒருவர் அதைப் பயபக்தியோடு கொண்டுபோய் வைப்பார். மெத்தையின் கோப்புகள் கனமானவை என்பதால் அமைச்சரின் கை பின்னால் நீண்டு வருடக்கணக்காகியிருந்தது.

மேசைத்தட்டியார் முதல் கேள்வியைக் கேட்டார். மாநிலமே வியக்கும் வண்ணம் தடுப்பூசித் திட்டம் வெற்றி பெற்றது எப்படி என்பது கேள்வி. அமைச்சர் எழுந்து, எப்படி என்று விலாவாரியாக வாசிக்கத் தொடங்கினார். எல்லாம் திட்டப்படி ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எதிர்க்கட்சித் தலைவர் எழுந்தார். தன் மேசை ஒலிவாங்கியில் நேற்றிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது, இது ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கும் செயல் என்றார். சபாநாயகர் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதைக் கண்டித்து மொத்த எதிர்க்கட்சியும் கோஷம் போட்டபடி வெளிநடப்புச் செய்தது. வழக்கமாகக் கேள்வி நேரம் முடிந்து, தொலைக்காட்சிக்காரர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் வெளிநடப்பு நடக்கும். அன்று தலைவருக்கு மத்தியான விமானம். ஆகவே ஜனநாயகத்தைக் கொஞ்சம் சீக்கிரமே காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஆளுங்கட்சி வரிசைகள் சிரித்துக்கொண்டே மேசையைத் தட்டி வழியனுப்பின. எதிரில் ஆளில்லாத அவையைப் பார்த்து அமைச்சர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மெத்தை மட்டும் கேள்விப் பட்டியலை எடுத்துப் பார்த்தான். அவன் கணக்கில் எல்லாம் இருந்தன, இது இல்லை. கேட்டவர் அவையில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே எடுக்கப்படாது. கேள்வி இல்லையென்றால் துணைக் கேள்வி எங்கிருந்து வரும்? கொசுவின் ஒன்பது பக்கமும் அந்த நிமிடமே குப்பை.

முதல் பதில் முடிந்ததும் சபாநாயகர் இரண்டாவது கேள்வியைக் கூப்பிட்டார். உறுப்பினர் இல்லை. மூன்றாவது. இல்லை. நான்காவது, ஐந்தாவது. கொசுவைக் கேட்க வேண்டியவர் கையில் தாளோடு பாதி எழுந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தார். ஆறாவதும் போயிற்று. ஏழு என்றார் சபாநாயகர்.

"இருக்கேன்" என்று தூணுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஒத்தை வெளிநடப்புச் செய்யவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. தாளைப் பார்க்காமல், ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே பிரசவ வார்டை மூடப் போகிறீர்களா என்று கேட்டார். மணி அடிக்க இன்னும் வேண்டிய மட்டும் நேரம் கிடந்தது.

அமைச்சர் கம்பீரமாக எழுந்து கோப்பைப் புரட்டினார். ஏழு என்ற அட்டை. அதன் பின்னால் கோப்பின் அடி அட்டை. இன்னொரு தடவை புரட்டினார். அட்டை மாறவில்லை. உறுப்பினர் மிக முக்கியமான ஒரு கேள்வியை எழுப்பியிருக்கிறார் என்று ஆரம்பித்து நிறுத்தினார், தட்டினார்கள். தாய்மையைப் போற்றும் அரசு இது என்றார், தட்டினார்கள். தனக்கும் ஒரு தாய் இருந்தார் என்றார், அதற்கும் தட்டினார்கள்.

ஒத்தை உட்காரவே இல்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. மூடப் போறீங்களா, இல்லையா?"

மாண்புமிகு சேர்த்துக் கேட்கும்படி சபாநாயகர் சொன்னார்.

"மாண்புமிகு அமைச்சரே, மூடப் போறீங்களா, இல்லையா?"

அமைச்சரின் வலது கை முதுகுக்குப் பின்னால் வந்து, ஐந்து விரலும் விரிந்து நின்றது.

"ஏதாவது எழுதுங்க" என்று மேடம் அவன் காதருகே சீறினார்கள். "என்னத்தையாவது எழுதிக் குடுங்க."

மெத்தை சீட்டை எடுத்தான். உள்ளங்கை அகலச் சீட்டு. அரசின் கனிவான கவனத்தில் உள்ள பல்வேறு காரணிகளையும் கருத்தில் கொண்டு, என்று எழுதுவதற்குள் சீட்டு நிறைந்துவிட்டது. அதைக் கிழித்துக் கசக்கினான். அவனுக்குத் தெரிந்த பதில்கள் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் ஒரு பக்கமாவது இடம் வேண்டும். இரண்டாவது சீட்டை எடுத்தான். தங்கையை நினைத்தானா என்றால், நினைக்க நேரமில்லை. ஒரே கேள்வியை இரண்டு பேர் அவனிடம் ஒரே மாதிரி கேட்டுவிட்டார்கள். ஒருத்திக்கு மழுப்பியாயிற்று. இரண்டாம் முறை மழுப்பச் சரக்கு இல்லையோ, பயத்தில் கை தானாக ஓடியதோ, அவனே பிறகு பல தடவை யோசித்துப் பார்த்துக் கைவிட்ட விஷயம். எழுதினான். சேவகர் கொண்டுபோய் வைத்தார்.

அமைச்சருக்கு உயிர் வந்தது. மெத்தையின் கையெழுத்தைக் கண்டாலே அவருக்கு முதுகு நிமிரும். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வழக்கமான கம்பீரத்தோடு, முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி நிறுத்தி வாசித்தார்.

"ஆம்."

மேசைகள் அதிர்ந்தன.

"ஒன்றாம் தேதி முதல் அந்த வார்டு மூடப்படுகிறது."

மேசைத்தட்டியார் இரண்டு கையாலும் தட்டினார்.

"அங்குள்ள இரண்டு மருத்துவர்களும் அமைச்சரின் சொந்தத் தொகுதியில் உள்ள புதிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள்."

தட்டல் கொஞ்ச நேரம் ஓடி, ஒவ்வொரு கையாக அந்தரத்தில் நின்றது. கடைசியாக நின்றது மேசைத்தட்டியாருடையது. அமைச்சர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. மேலே பத்திரிகையாளர் மாடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள்.

"நன்றிங்க" என்றார் ஒத்தை. "இங்க வந்ததுலேர்ந்து இப்பதான் ஒரு பதில் கேக்குறேன். துணைக் கேள்வி இல்ல." உட்கார்ந்துவிட்டார்.

மாலைப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அமைச்சர் இருந்தார். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் அடித்த அமைச்சர் என்று ஒன்று போட்டிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் விமானத்திலிருந்து இறங்கிய கையோடு, இது எங்கள் வெளிநடப்புக்குக் கிடைத்த வெற்றி என்றார். மறுநாள் அமைச்சர் தொலைக்காட்சிகளை அழைத்து, தன் பேச்சு திரிக்கப்பட்டுவிட்டது, அந்த வார்டின் மேல் கை வைக்க எவனுக்கும் துணிச்சல் கிடையாது, என் உடம்பில் உயிர் உள்ள மட்டும் அது திறந்திருக்கும் என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். உத்தரவு ரத்தானது. அவர் தொகுதியின் புது மருத்துவமனையில் மருத்துவர் பணியிடம் இருக்கிறது. கண்ணாடிக் கதவு இன்னமும் யாரும் வராமலே திறந்து மூடுவதாகக் கேள்வி.

மேடம் மெத்தையைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லவில்லை. யாரிடம் என்ன வாங்கினாய் என்று கேட்டார்கள். ஒன்றும் வாங்கவில்லை என்றான். பின்னே ஏன் அப்படி எழுதினாய் என்றார்கள். ஏதாவது எழுதச் சொன்னீர்கள், வேறு எதுவும் அந்த நேரத்தில் தெரியவில்லை என்றான். அவர்கள் அவனுடைய பணிப் பதிவேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"உங்க சொந்த ஊரா அது?"

"ஆமா மேடம்."

அவர்கள் பதிவேட்டை மூடினார்கள். முன்பே சொல்லியிருந்தால் வேறு யாரையாவது எழுத வைத்திருப்பேனே என்றார்கள். அதைச் சொன்னபோது குரலில் கோபத்தை விட, கைக்கு வாகான ஒரு சாமான் உடைந்த வருத்தம்தான் அதிகம்.

துணைச் செயலாளர் பதவி கொசுப் பதிலுக்குப் புள்ளிவிவரம் சேகரித்துக் கொடுத்த இளைய அதிகாரிக்குப் போயிற்று. மெத்தையைத் தலைநகரின் கோடியில் இருந்த துறைக் கிடங்குக்கு மாற்றினார்கள். உடைந்த கட்டில், ஓட்டை வாளி, சக்கரம் கழன்ற நாற்காலி எல்லாம் அங்கே ஏலத்துக்குக் குவிந்திருக்கும். எது தேறும், எது தேறாது என்று பார்ப்பது வேலை. எழுதுவதற்கு அதிகம் கிடையாது. வீட்டில் அவன் மனைவி ஒரு வாரம் பேசவில்லை; பேச ஆரம்பித்தபோது, பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. நடந்ததைத் தங்கையிடம் சொல்ல வேண்டாம், நிறைமாதத்தில் வீண் கவலை என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டான். அவளுக்கு அதைச் சொல்லிக்கொள்ள ஒன்றும் பெருமையாக இல்லை.

பிள்ளை பிறந்த மறுநாள் தங்கை வார்டிலிருந்தே கூப்பிட்டாள். அவன் கிடங்கு வாசலில் கால் ஆடும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தான். ஆண் பிள்ளை, நல்ல எடை என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ரத்தம் என்ன ஆயிற்று என்று கேட்டான்.

போன தடவை மாதிரியே போயிற்றாம். இரண்டு டாக்டரும் இருந்தார்களாம். கொஞ்ச நேரம் எல்லாரும் ஓடினார்கள், அப்புறம் நின்றுவிட்டது என்றாள், கறி வாங்கப் போன கடையில் கூட்டம் இருந்ததைச் சொல்வதுபோல. மெத்தை கைப்பேசியை வேறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

வார்டு வாசலில் அமைச்சருக்கு நன்றி சொல்லிக் கதவு உயரத்துக்குப் பதாகை கட்டியிருக்கிறார்களாம். தாதிகள் எல்லாம் அவரைத்தான் பேசுகிறார்களாம். மூட நினைத்தவர்களிடமிருந்து ஒற்றை ஆளாக நின்று காப்பாற்றினாராம்.

"அவரு மனுஷன். நீ பதினெட்டு வருஷமா அங்கதான் குந்தியிருக்க, ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டியா? பையனுக்கு அவரு பேரையே வெச்சிடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. நானும் சரின்னுட்டேன்."

"வேற ஏதாவது பேரு வைங்களேன்" என்றான் மெத்தை.

"ஏன், அவரு பேருக்கு என்ன கொறச்சல்?" அவள் களைப்போடு சிரித்தாள். "உனக்குப் பொறாமைண்ணே."

கிடங்குக்குள் யாரோ கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஆமா" என்றான். டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா, இன்னொரு தடவை வந்து பார்க்கச் சொல் என்றான்.